நடு வளைவில் காலை எடுத்தால்

சோதனை ஓடுதளம், ஊழியர் விடுதி
ஜனவரி 9

அன்புள்ள விளம்பரப் பிரிவுக்கு,

தம்பி என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நீ பேசிய பேச்சு ஞாபகம் வந்ததும் கை தானாக இப்படி எழுதிவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனது என் தப்பு. எழுந்து போகும்படி பேசியது உன் தப்பு. கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே நிலைமை உனக்குத் தெரியும். கேட்டுக்குள் நுழையும்போதே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். வெளிவராத வண்டிகளை நாங்கள் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவோமாம். அதனால் வாரம் ஒருமுறை தலைமை அலுவலகத்துக்குப் போகிற தபால் பையில் இதைப் போடுகிறேன். கையில் போன் இருந்தாலும் உன்னோடு பேசியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

நீங்கள் அனுப்பிய உயர வண்டி வந்து சேர்ந்தது. மாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாமியார் யார் என்று உனக்குத் தெரியும், ஆனால் இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரிகளிடம் படித்துக் காட்டுவாய் என்று நம்பி விளக்கமாகவே எழுதுகிறேன். ஓடுதளத்தின் கடைக்கோடியில் போகப் போக இறுகிக்கொண்டே போகும் வளைவு அது. யார் என்ன தப்புச் செய்தாலும் அங்கே வெளியே வந்துவிடும் என்பதால் பழைய ஓட்டுநர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். சிவப்புக் கோடு கேட்கிற எந்த வண்டியும் அந்த வளைவில் வேகமாக நுழைய வேண்டும். நடு வளைவில் ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். எடுத்த உடனே வண்டி மூக்கை உள்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினால், அந்த வகையில் முதலில் தயாராகிற வண்டியின் பின்கதவில் தலைமை ஓட்டுநர் (இப்போது நான்) தன் கையால் கோட்டை ஒட்டுவார்; அடுத்து வருகிறவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே ஒட்டிவிடுவார்கள். திருப்பாவிட்டால் கோடு கிடையாது. இவ்வளவுதான் சட்டம். நம் கம்பெனி சாதாரண ஜனங்களுக்கு வண்டி செய்கிற கம்பெனிதான். ஆனாலும் 'இவங்க வண்டியில ஒரு துள்ளல் இருக்குப்பா' என்று ஜனங்கள் சொன்னார்கள் என்றால், அது இந்த ஒரு வளைவால் வந்த பெயர்.

உங்கள் வண்டி திருப்பவில்லை. நான் காலை எடுத்தேன், அது காது கேட்காதவர் மாதிரி தன் வழியே நேராகப் போனது. மூன்று நாள் முயன்றேன். நல்ல வண்டிதான், குறை சொல்லவில்லை. பின்னால் மூன்று பிள்ளைகள் சண்டையில்லாமல் உட்காரலாம், உள்ளே சத்தமே இல்லை, மேடு பள்ளம் தெரியவில்லை. குடும்பம் நடத்த அருமையான வண்டி. அதற்கு எதற்கு இந்தக் கோடு?

சின்ன வண்டியின் தயாரிப்பை நிறுத்தப் போகிறீர்கள் என்று மெக்கானிக் சொன்னார். கோட்டுக்கு உரிமை உள்ள வண்டி இப்போது அது ஒன்றுதான். ஆளைப் புதைத்துவிட்டு அவன் சட்டையை வேறு ஒருத்தனுக்கு மாட்டிவிடப் பார்க்கிறீர்கள்.

நான் ஒட்ட மாட்டேன். படித்துக் காட்டு.

அக்கா


தலைமை அலுவலகம்
ஜனவரி 17

அன்புள்ள பிரேக் மகாராணிக்கு,

படித்துக் காட்டினேன். மாமியார் வந்த இடத்தில் இயக்குநர் சிரித்தார். 'நான் ஒட்ட மாட்டேன்' வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நானா எழுதினேன்?

நீ அங்கே வளைவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் இங்கே என்ன பார்க்கிறேன் என்று சொல்கிறேன், கேள். போன மாதம் இருபது இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகளை ஓர் அறையில் உட்கார வைத்து, எங்கள் வண்டியைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டோம். ஒரு பெண் சொன்னாள்: "எங்க பெரியப்பா ஞாபகம் வருது." பெரியப்பா நல்லவரா என்று ஆசையாகக் கேட்டேன். "ரொம்ப நல்லவர். ஆனா அவரோட நாங்க யாரும் வெளியில போக மாட்டோம்." அறை முழுக்கச் சிரிப்பு. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் மேலதிகாரிகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

துள்ளல் போய்க்கொண்டிருக்கிறது அக்கா. அது எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? சின்ன வண்டியை உலகமே புகழ்கிறது. பத்திரிகைக்காரர்கள் அதைக் கட்டிப்பிடித்து அழாத குறை. வாங்கத்தான் ஆளில்லை. நீயே வாங்கவில்லை, கம்பெனி பஸ்ஸில் போகிறாய். புகழ்ச்சியை வைத்து யாருக்குச் சம்பளம் போடுவது? எல்லாருக்கும் உயரமாக உட்கார வேண்டும், பெரிய திரை வேண்டும், அதோடு கொஞ்சம் மிடுக்கும் வேண்டும். அந்த மிடுக்குக்குத்தான் கோடு. வாங்குகிறவர்களில் யார் மாமியாரிடம் போகப் போகிறார்கள்? பள்ளிக்கூடம், கடை, ஆஸ்பத்திரி. இவ்வளவுதானே அவர்கள் உலகம்.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். உயர வண்டி கோட்டோடு வராவிட்டால் ஓடுதளத்தை மூடிவிடலாம், சோதனையெல்லாம் கணினியிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் பேச்சு அடிபடுகிறது. உன் மெக்கானிக், டயர் மாற்றுகிற அந்த இரட்டையர், சமையல்கட்டுப் பெண்கள், எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நீயும்தான்.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்றார் இயக்குநர். கம்பெனியின் பெயரும் அப்படித்தானாம். ஒரு ஸ்டிக்கர், அக்கா. ஒட்டிவிடு.

தம்பி


ஓடுதளம்
பிப்ரவரி 6

தம்பிக்கு,

ஒட்டிவிட்டேன்.

உன் ஆட்கள் புகைப்படக்காரரோடு வந்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். கோட்டின் அடியில் காற்றுக் குமிழி நின்றுவிட்டது, கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. படத்தில் தெரியாது என்றார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். இரட்டையரும் தட்டினார்கள், அவர்கள் வேலைக்காகத்தான் ஒட்டினேன் என்று அவர்களுக்குத் தெரியும். மெக்கானிக் மட்டும் கையைத் துடைக்கிற மாதிரி துணியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

உன் இயக்குநரிடம் சொல், யானை இறந்துவிட்டது என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

ஒரே ஒரு நிபந்தனை. வண்டியோடு கொடுக்கிற கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: இந்த வண்டி பழைய கோட்டு வண்டிகளைப் போல வளைவில் நடந்துகொள்ளாது. அவ்வளவுதான். நீ எழுதினால் அழகாக எழுதுவாய். எழுதுவேன் என்று பதில் போடு.

அக்கா


தலைமை அலுவலகம்
ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வெயில் சோதனைக்கு வடக்கே போய்விட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். திரும்பி வந்ததும் உன் அறைக் கதவுக்கு அடியில் நல்ல செய்தி காத்துக்கொண்டிருக்கட்டும்.

வண்டி பிய்த்துக்கொண்டு போகிறது! பதிவு செய்தவர்கள் காத்திருக்கிறார்கள். உன் கட்டை விரல் இப்போது நகரத்தில் முக்குக்கு முக்கு தொங்குகிறது, மூன்று மாடி உயரத்தில். கீழே 'கை பட்ட கோடு' என்று நான்தான் எழுதினேன். அந்தப் பெரியப்பா பெண்ணை மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டோம். "இப்ப பரவாயில்லை, பெரியப்பா ஜிம்முக்குப் போற மாதிரி இருக்கார்" என்றாள்.

கையேட்டில் அந்த வரியைச் சேர்க்க முடியவில்லை. நான் எழுதித்தான் கொடுத்தேன். சட்டப் பிரிவு அடித்துவிட்டது. வண்டியில் ஏதோ குறை இருக்கிறது என்று நாமே சொல்கிற மாதிரி ஆகிவிடுமாம். குறை இல்லையே என்றார்கள். இல்லைதானே? நீயே நல்ல வண்டி என்று எழுதியிருந்தாய்.

முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஊழியர் ஒதுக்கீட்டில் எனக்கு ஒரு வண்டி கிடைத்தது. அதை அப்பாவுக்குக் கொடுக்கப் போகிறேன். அவருடைய பழைய சின்ன வண்டிக்குத் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, மழையில் போனால் கால் நனைகிறது. "இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்டா" என்று அவர் சொல்லிக்கொண்டே ஆறு வருஷம் ஆகிவிட்டது. இந்த மாதக் கடைசியில் புது வண்டியை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, பழையதை உடைப்புக் கடைக்கு அனுப்பிவிடுவேன். நீ ஒட்டிய கோடு, நான் கொடுத்த வண்டி. அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஒன்றாக நிற்க வைத்துத் திருஷ்டி கழித்திருப்பாள்.

கோபமெல்லாம் போதும் அக்கா.

தம்பி


ஓடுதளம்
மே 12

தம்பி,

நேற்றுத்தான் திரும்பினேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் காலணிகூடப் போடாமல் கேட்டுக்கு ஓடினேன். காவலாளியிடம் சண்டை போட்டுப் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டேன்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார். "அனுப்பிட்டான்மா உன் தம்பி! கோடு போட்ட வண்டி! தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு. எல்லாருக்கும் சொல்லிட்டேன், இது எம் பொண்ணு ஒட்டின கோடுன்னு." அம்மா போன பிறகு அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் அவருடைய பழைய பஸ் கூட்டாளி கண்டக்டர் மாமாவின் குரலும் கேட்டது, வழக்கம் போலக் கிண்டல்: "உங்கப்பனுக்கு மாப்பிள்ளைக் களை வந்திருச்சு!"

என்னால் சொல்ல முடியவில்லை. "மெதுவா ஓட்டுங்கப்பா" என்றேன். சிரித்தார். "யாருக்கு யாரு சொல்றது? மலைப் பாதையில முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டி நான்." போனை வைத்துவிட்டார். உன்னைக் கூப்பிடுவதற்குள் காவலாளி போனைப் பிடுங்கித் திரும்பப் பூட்டிவிட்டார்.

அப்பா எப்படி வளைவு எடுப்பார் என்று உனக்குத் தெரியாது. நீ பின்சீட்டில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டு வருவாய். நான் முன்சீட்டில் அவருடைய காலையே பார்த்துக்கொண்டு வருவேன். பஸ்ஸில் நிதானமாகத்தான் போவார், பின்னால் ஐம்பது உயிர் இருக்கிறது என்பார். சொந்த வண்டியில்தான் அவருடைய விளையாட்டெல்லாம். வளைவுக்குள் வேகமாக நுழைவார். நடுவில் காலை எடுப்பார். வண்டி மூக்கைத் திருப்பும், அவர் ஒரு பக்கமாகச் சிரிப்பார். மாமியாரிடம் நான் செய்கிற அதே காரியம். நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். அந்தச் சின்ன வண்டி இத்தனை காலம் அவரை ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. பின்னால் கோடு இருந்தால் வண்டி திரும்பும், அவருக்கு அவ்வளவுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமாவை ஏற்றிக்கொண்டு மலை உச்சி டீக்கடைக்குப் போகிறாரே, அந்தப் பாதையில் எத்தனை வளைவு என்று நினைத்துப் பார்.

இந்த வண்டி திரும்பாது. நீ நேரில் போய்ச் சொல். போனில் சொன்னால் கேட்க மாட்டார், எனக்கு வாயும் வராது. உன் வாய்தான் வாயாயிற்றே, எதையும் விற்கிற வாய். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போ.

அக்கா


என் வீடு
ஜூன் 8

அக்காவுக்கு,

நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் நின்றாய், மாமாவை அடக்கம் செய்கிற இடத்தில் கடைசி வரிசையில் நின்றாய், திரும்பிப் போய்விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டாம். இதை மட்டும் படி.

உன் கடிதம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே என் மேசைக்கு வந்துவிட்டது. படித்தேன். அக்காவுக்கு எப்போதும் பயம் என்று மடித்து இழுப்பறையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம், சனிக்கிழமை ஒரு விருந்து. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலை வளைவில், மாமா உட்கார்ந்திருந்த பக்கம்தான் பாறையில் மோதியது. அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். போலீஸ்காரர் கேட்டபோது அப்பா சொன்னார்: "எங் கை தப்பிருச்சு. வயசாயிருச்சு. எழுதிக்குங்க." வண்டியைச் சோதித்தவர்கள் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உண்மைதான், ஒரு குறையும் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, இங்கே கம்பெனி உடைத்தது மண்குடம்கூட இல்லை. உடைந்ததாகவே கணக்கில் வரவில்லை.

அப்பா இப்போது என் வீட்டில் இருக்கிறார். காலில் கட்டு. மாமாவின் மனைவி பார்க்க வந்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவனை நாந்தான் கொன்னேன்னு தெரிஞ்சும் வந்திருக்கியே தாயி" என்றார், அவ்வளவுதான். அத்தை உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டு ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்து, "இதைக் கொண்டுபோய் லைசென்ஸ் ஆபீசுலயே குடுத்துரு. இனிமே இது எங்கிட்ட இருக்கக் கூடாது" என்றார். முப்பது வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர்.

சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் தட்டைக் காலி செய்வதில்லை. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்புகிறார். நல்ல கால் தரையை அழுத்துகிறது, பிறகு எடுக்கிறது. "இங்கதான் எடுத்தேன். சரியாத்தான் எடுத்தேன். அப்புறம் இந்தப் பாழாப்போன கை என்ன பண்ணுச்சு?" திரும்பவும் முதலிலிருந்து. சோறு சிந்திக்கொண்டே இருக்கிறது. என் பெண் அதைப் பார்த்து, தாத்தா விளையாடுகிறார் என்று தன் தட்டையும் திருப்புகிறாள்.

நான் சொல்லிப் பார்த்தேன் அக்கா. உன் கையில்லை, வண்டிதான், அது திரும்பாத வண்டி என்று. அடிக்க வந்துவிட்டார். "உங்கக்கா ஒட்டின கோடுடா அது. அவ பொய் சொல்லுவாளா? அவனை நான் கொன்னது போதாதுன்னு எம் பொண்ணு பேரையும் கெடுக்கறியா?" என் வாய் எதையும் விற்கும் என்று எழுதியிருந்தாய். உண்மையை விற்க முடியவில்லை.

நீ வந்து சொல். உன் வாயால் சொன்னால் கேட்பார். உன்னைப் பற்றி அவருக்கு இருக்கிற பெருமை போய்விடும், அதுவும் தெரிந்துதான் கேட்கிறேன்.

தம்பி


விடுதி
ஜூலை 19

தம்பிக்கு,

பூட்டி வைத்திருந்த போனை நிரந்தரமாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ஓடுதளத்தை மூடிவிட்டார்கள் என்பதால். உனக்கு முன்பே தெரிந்திருக்கும். உயர வண்டி அவ்வளவு நன்றாக விற்றும் மூடிவிட்டார்கள். இல்லை, அதனால்தான் மூடினார்கள். வளைவு இல்லாமலே கோடு விற்கிறது என்றால் வளைவு எதற்கு? இரட்டையர் மூட்டை கட்டிவிட்டார்கள். மெக்கானிக் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். போன் கையில் இருந்தும் எழுதுகிறேன். உன் குரலைக் கேட்டால் திட்டத்தான் தோன்றும், திட்ட இப்போது எனக்குத் தெம்பு இல்லை.

நேற்று நீ அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டுக்கு வந்துவிட்டுப் போனேன். உன் மனைவி சொல்லியிருப்பாள். நாங்கள் என்ன பேசினோம் என்பது அவளுக்குத் தெரியாது, கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள் ஓட்டிப் பார்த்ததும், அது திரும்பாததும், தெரிந்தே ஒட்டியதும், போனில் சொல்ல வாய் வராமல் போனதும். ஒன்றையும் விடவில்லை. தட்டைக்கூடக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் தலையில் கை வைத்தார். "என்னைத் தேத்தறதுக்காக உம் பேரையே நாறடிச்சுக்கறியேம்மா. உங்கம்மாவும் இப்படித்தான், பழியெல்லாம் தன் தலையில போட்டுக்குவா" என்றார். சத்தியம் செய்தேன். "பெத்தவனுக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணா பாவமில்லை" என்று சிரித்தார் தம்பி, சிரித்தார். அதோடு விடவில்லை. "இதை வெளியில யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காதே, உன் வேலை போயிரும்" என்றார். வேலை போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

வாங்க, ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது, எங்கே ஓட்டிக் காட்டுவது? மாமியாரைப் போன வாரமே இயந்திரம் வைத்துப் பெயர்த்துவிட்டார்கள், அங்கே கிடங்கு வரப் போகிறது. அப்பாவின் சின்ன வண்டியும் உடைப்புக் கடையில் நசுங்கிவிட்டது. அந்த மலைப் பாதைக்குக் கூப்பிட்டேன். "அந்தப் பக்கம் இனி எம் பொணம்கூடப் போகாது" என்றார். இது திரும்பாது, அது திரும்பும் என்று இனி உலகத்தில் யாராலும் அவருக்குக் காட்ட முடியாது. நான் சொல்வதுதான் ஒரே சாட்சி. அதைத்தான் அவர் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

புறப்படும்போது வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். உன் எதிர்வீட்டில் புதிதாக ஒன்று நிற்கிறது, பார்த்திருப்பாய். உயர வண்டி, பின்னால் கோடு. அந்த வீட்டுக்காரர் துடைத்துக்கொண்டிருந்தார், இரண்டு குழந்தைகள் வாளிக்குள் கையை விட்டு விளையாடிக்கொண்டிருந்தன. அப்பா அவரைக் கூப்பிட்டார். எத்தனை நாளைக்குப் பிறகு குரல் அப்படித் தெளிவாக வந்தது! "பயப்படாம ஓட்டுங்க சார். மலையோ மடுவோ, நம்பி ஓட்டலாம். எம் பொண்ணு ஒட்டின கோடு. எங் கை மாதிரி தப்பாது."

எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை பெருமையாக என் தோளைத் தட்டியது. மூடிக்கொண்டேன்.

இன்றைக்கே எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல். இந்த முறை கடிதத்தை மடித்து வைக்காதே.

அக்கா